அம்மாவுக்கு இல்லாத மரண பயம் எனக்கு ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு பேர் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. கடைசிக் கட்ட நோயாளிகள் இருக்கும் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், விசுவாசமுள்ள ஒரு அப்பாவுக்கு மகள். இந்த இரண்டு வகையிலும் கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் அம்மா புற்றுநோயால் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. கடைசிவரை அவர் முகத்தில் பயம் என்பதே இல்லை. "நான் எங்கே போறேன்னு எனக்குத் தெரியும், நீங்க கலங்காதீங்க" என்றார். அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டுகள் பாட வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருந்தார். நானோ நடுராத்திரியில் விழித்துக்கொண்டு, ஒருநாள் நானும் சாகத்தானே வேண்டும் என்று நினைத்து வியர்த்துப் போகிறேன். அழுதால், "சாட்சியான மரணம், அழக்கூடாது" என்கிறார்கள் சபையில். அம்மாவின் விசுவாசத்தில் கால் பங்குகூட எனக்கு வரவில்லை. அப்படியானால் அவர் எனக்கு எதைத்தான் விட்டுப் போனார்? – ஒரு மகள்

பதில்: முதலில் அழுகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அழுங்கள், தங்கையே. உங்களைத் தடுப்பவர்கள் யோவான் 11ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்கட்டும். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்பது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும், லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டபோது அவரும் கண்ணீர் விட்டார். அப்போஸ்தலர் பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் சொன்னார்.

இந்த அதட்டல் புதிதும் இல்லை. 387ஆம் ஆண்டு, ரோமுக்கு அருகே ஒஸ்தியா துறைமுகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்த தங்கள் ஊருக்குக் கப்பலேறக் காத்திருந்த நேரத்தில், பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகராக விளங்கிய அகஸ்டினின் தாய் மோனிக்கா காய்ச்சலில் விழுந்து இறந்துபோனார். அவருக்கு அப்போது 56ஆவது வயது நடந்துகொண்டிருந்தது, மகனுக்கு 33ஆவது. கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று வெகுகாலம் ஆசைப்பட்டவர் அவர். கடைசியில், இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், கர்த்தருடைய பீடத்தண்டையில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார். ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுச் செல்லப் பயமில்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்கு எதுவும் தூரமில்லை என்றார். உங்கள் அம்மாவின் ரகம்தான்! அவர் மூச்சு அடங்கியதும் பேரன் வாய்விட்டு அழுதான். சுற்றி நின்றவர்கள் அவனை அதட்டி அடக்கினார்கள். அகஸ்டினும் அடக்கம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தனியே இருந்தபோது உடைந்து அழுதார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

இனி பயத்துக்கு வருவோம். இளம் ஊழியரான தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். பெற்றோரின் விசுவாசம் பிள்ளைக்கு வருவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அதன் ஐந்தாம் வசனத்தை எடுப்போம். பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது என்று பவுல் சொல்லும் இடம் அது. பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவோம். அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். உனக்குள் இருக்கும் வரத்தை அனல்மூட்டி எழுப்பு என்கிறார். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்கிறார். இரண்டு தலைமுறை விசுவாசத்துக்கு வாரிசான பிள்ளைக்கும் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக அவன் பாட்டியின் விசுவாசம் வீணாகிவிட்டது என்று பவுல் நினைக்கவில்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் இரவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, வேதப் புத்தகத்தின் மேல் வைப்பார். "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்வார். பிறகு விளக்கை அணைப்பார். 31ஆம் சங்கீதத்தின் வரி அது. சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்னதும் அதைத்தான். யூதர்கள் படுக்கைக்குப் போகும்போது சொல்லும் ஜெபத்திலும், திருச்சபையின் பழைய இரவு ஜெபத்திலும் அது உண்டு. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. சிறுமியாக இருந்தபோது அது எனக்கு விளக்கு அணையும் சத்தம், அவ்வளவுதான். அம்மாவோடு சண்டை போட்ட இரவுகளில் அந்த வரி வேகமாக, எரிச்சலாக வரும். சித்தப்பா இறந்த அன்று பாதியில் நின்றுவிட்டது. ஆனாலும் மறுநாள் இரவு மறுபடி சொன்னார்.

கடைசி நாட்களில் அப்பாவுக்குப் பேச்சு குழறியது. கண்ணாடி போடுவதையும் நிறுத்தியிருந்தார். அப்படியும் இருட்டும் நேரத்தில் அவர் கை முகத்துக்குப் போகும். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, பக்கத்தில் வைக்கும். பிறகு "உமது கையில்" என்பார். மீதியை நான் சொல்வேன். பார்க்க வந்தவர்கள், சாவுக்கு இப்படிப் பயப்படாத மனிதரைக் கண்டதில்லை என்றார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு இரவும் தன்னை ஒப்படைத்துப் பழகியவர், அந்த இரவுகளிலும் வழக்கம்போல ஒப்படைத்தார். அவருடைய தைரியம் எனக்கு வந்துவிடவில்லை. அந்த வரி வந்தது. பயமாக இருக்கும் இரவுகளில் பயத்தோடேயே அதைச் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவும் இதுபோல ஏதாவது விட்டுத்தான் போயிருப்பார். அவர் வேதப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்ட இடங்களைப் பாருங்கள். அவருடைய பழைய தோழிகளிடமோ உடன்பிறந்தவர்களிடமோ, உங்கள் வயதில் அவர் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த அம்மாவோடு மட்டும் உங்களை ஒப்பிடுவது சரியல்ல. அந்த நிலைக்கு வந்து சேர அவருக்கு ஓர் ஆயுள் பிடித்தது.

இன்னொன்று, கொஞ்சம் நர்ஸாகப் பேசுகிறேன். ராத்திரி வியர்வையும் படபடப்பும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். இழப்புக்குப் பிறகு உடம்பு இப்படிச் செய்வது சகஜம். மருத்துவம் பார்த்துக்கொள்வது விசுவாசக் குறைவு இல்லை.

கேள்வி: என் அப்பா சபையில் மூப்பராக இருந்தவர். எத்தனையோ அடக்க ஆராதனைகளில் "மரணமே! உன் கூர் எங்கே?" என்று வாசித்தவர். நுரையீரல் நோயில் கிடந்த கடைசி இரண்டு நாள் பயந்து நடுங்கினார். யாரோ நிற்பதாகச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு "என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்று கத்தினார். "இவருக்கே இப்படியா" என்று ஒரு உறவினர் முணுமுணுத்தது இன்னும் காதில் கேட்கிறது. அப்பாவின் விசுவாசம் தோற்றுவிட்டதா? – ஒரு மகன்

பதில்: இல்லை தம்பி. நீங்கள் விவரித்திருப்பதை வார்டில் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆழ்ந்த பக்தி உள்ளவர்களிடமும் பார்த்திருக்கிறேன், கடவுளே இல்லை என்றவர்களிடமும் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் குறையும்போது, சிறுநீரகமும் கல்லீரலும் ஓய்ந்து ரத்தத்தில் கழிவு தேங்கும்போது, தொற்று ஏறும்போது மூளை குழம்பும். சில மருந்துகளாலும் குழம்பும். சிறுநீர் அடைத்துக்கொண்டால்கூட, சொல்லத் தெரியாமல் நோயாளி அலைபாய்வார். இல்லாதவர்கள் நிற்பதாகத் தெரியும். மூச்சு முட்டும்போதோ உடம்பு தானாகவே பதறும். அது நுரையீரல் மூளைக்கு அனுப்பும் அபாய மணி. எந்த வசனத்தை மனப்பாடம் செய்திருந்தாலும் அது அடிக்கத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தை வைத்து ஒரு மனிதரின் விசுவாசத்தை அளப்பது, காய்ச்சலில் பிதற்றியதை வைத்து அவர் குணத்தை முடிவு செய்வதைப் போன்றது. உறவினரின் அந்த வார்த்தையை நீங்கள் சுமக்க வேண்டாம்.

சரி, நோய் பாதி என்றால் மீதி நிஜமான பயமாகவே இருக்கட்டும். அப்போதும் என்ன? எசேக்கியா ராஜா கர்த்தருக்கு முன்பாக உண்மையாக நடந்தவர். நோயில் கிடந்தபோது, நீ பிழைக்கமாட்டாய் என்று ஏசாயா தீர்க்கதரிசி வந்து சொன்னதும், சுவர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டு மிகவும் அழுதார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் ஆத்துமாவே "மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருந்தது". அந்த நேரத்தில் அவர் சீஷர்களிடம் கேட்டது என்ன? இங்கேயே இருங்கள், என்னோடு விழித்திருங்கள் என்பதுதான். உங்கள் அப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் அதுதானே?

சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி நர்ஸாக இருந்து பிறகு டாக்டரானவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் இறப்போரைப் பராமரிக்கும் முறைக்கு அதுதான் முன்மாதிரி. அந்த இல்லத்தின் அஸ்திவாரமே "என்னோடு விழித்திருங்கள்" என்ற வார்த்தைதான் என்று அவர் சொல்வதுண்டு. வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை, மனதிலும் உறவிலும் ஆவியிலும் இருக்கிறது என்று மருத்துவ உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். மருந்தால் முடிந்ததை மருந்தால் செய்வது, மருந்தால் முடியாததற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இதுதான் அவர் வழி. நீங்கள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் தம்பி.

"ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை" என்று இயேசு தம் ஆடுகளைப் பற்றிச் சொன்னார். பிடித்திருக்கிற கை அவருடையது. அப்பாவின் பிடி தளர்ந்ததால் அவருடைய பிடி தளர்ந்துவிடாது.

கேள்வி: எனக்கு 44 வயது. அதிக நாள் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு 13, மகனுக்கு 9. பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம் என்கிறாள் என் மனைவி. பணமாகச் சேர்த்து வைத்தது அதிகமில்லை. என் விசுவாசத்தையாவது அவர்களுக்கு விட்டுப் போக என்ன செய்யலாம்? – ஒரு தகப்பன்

பதில்: உங்கள் கடிதத்தை வைத்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. முதலில் உங்களுக்காகவும் உங்கள் மனைவிக்காகவும் ஜெபித்தேன். தொடர்ந்து ஜெபிக்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கும் அழுகையை வைத்து அவர்கள் ஏற்கெனவே ஏதோ ஊகித்திருப்பார்கள். சொல்லாமல் விட்டால், நாம் செய்த தப்பால்தான் அப்பாவுக்கு இப்படி என்றுகூடச் சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நீங்களும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்: அப்பாவுக்கு வந்திருக்கும் நோயைக் குணமாக்க டாக்டர்களால் முடியவில்லை. அப்பா இறந்துபோவேன் என்று நினைக்கிறோம். இதற்கு நீங்கள் யாரும் காரணம் இல்லை. அம்மா உங்களோடு இருப்பாள். அவ்வளவு போதும். மகன் கொஞ்ச நேரம் கழித்து விளையாடப் போய்விட்டால் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். அந்த வயதுப் பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். மறுநாள் அதே கேள்வியைக் கேட்பான். அதே பதிலைச் சொல்லுங்கள்.

"அப்பா தூங்கிவிடுவேன்" என்று சொல்ல வேண்டாம். படுக்கவே பயப்படுகிற பிள்ளைகளை அதனால் பார்த்திருக்கிறேன். லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசு சொன்னதை வளர்ந்த சீஷர்களே தப்பாகப் புரிந்துகொண்டார்கள். பிறகு அவர் "லாசரு மரித்துப்போனான்" என்று வெளிப்படையாகவே சொன்னார். அதேபோல "ஆண்டவருக்கு அப்பா தேவைப்பட்டதால் எடுத்துக்கொண்டார்" என்றும் சொல்ல விடாதீர்கள். அடக்கத்துக்கு வருபவர்கள் யாராவது சொல்வார்கள். அப்பாவைப் பறித்த ஆண்டவரிடம் ஒன்பது வயதுப் பையன் எப்படி ஜெபிப்பான்? மரணம் கடைசிச் சத்துரு என்கிறது வேதம். அந்தச் சத்துருவை ஜெயித்தவரிடம் அப்பா போகிறேன் என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மை, இரண்டும் அவனுக்கு வேண்டும்.

எதை விட்டுப் போவது என்று கேட்டீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி. அவருக்குப் பிறந்த பிள்ளைகள் 19 பேர். பிழைத்து வளர்ந்தவர்கள் 10 பேர்தான். அத்தனை வேலைக்கு நடுவிலும், வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை என்று ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜான் வெஸ்லிக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆளான பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சம் எனக்காக ஒதுக்குங்கள் என்று தாய்க்குக் கடிதம் எழுதினார் அந்த மகன். 1742இல் சூசன்னா இறக்கும்போது, நான் விடுதலையானதும் தேவனைத் துதித்து ஒரு சங்கீதம் பாடுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். அவர்களும் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். கடைசி வேண்டுகோளைத்தான் எல்லாரும் சொல்கிறோம். எனக்கு அந்த வியாழக்கிழமைதான் பெரிதாகத் தெரிகிறது.

உங்களுக்கு உடம்பில் தெம்பு இருக்கும் நேரம் எது என்று பாருங்கள். அதில் மகளுக்குத் தனியாக, மகனுக்குத் தனியாக நேரம் கொடுங்கள். பிரசங்கம் வேண்டாம். நீங்கள் எப்போது முதன்முதலில் ஜெபித்தீர்கள், எந்த ஜெபத்துக்குப் பதில் வரவில்லை, அப்போது எவ்வளவு கோபம் வந்தது, அப்படியும் ஏன் விட்டுவிடவில்லை, இதையெல்லாம் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து வையுங்கள், உங்கள் குரல் அவர்களுக்கு வேண்டியிருக்கும். யாக்கோபு படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, பேரன்மார் இருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்தார். அதுபோல ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, பெயர் சொல்லி ஆசீர்வதியுங்கள். பயமாக இருக்கும் நாளில், "ஆண்டவரே, இன்றைக்கு எனக்குப் பயமாக இருக்கிறது, கூடவே இரும்" என்று அவர்கள் காதுபட ஜெபியுங்கள். பயம் வந்தால் என்ன செய்வது என்பதை அவர்கள் யாரிடம் கற்றுக்கொள்வது, உங்களிடம் இல்லாமல்?

எசேக்கியாவிடம் ஏசாயா முதலில் சொன்னது, வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்து என்பது. உயில், வங்கிக் கணக்கு, காப்பீடு, கடன், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். கடைசியில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் டாக்டர் முன்னிலையில் இப்போதே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த முடிவு உங்கள் மனைவியின் தலையில் விழும்.

கேள்வி: எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சாவுக்குப் பயமில்லை. ஒரே மகன் சபைக்கு வருவதை நிறுத்தி வருடக்கணக்காகிறது. அவனை இப்படியே விட்டு எப்படி நிம்மதியாகக் கண் மூடுவது? – ஒரு தாய்

பதில்: அம்மா, மேலே சொன்ன மோனிக்காவும் இப்படித்தான் அழுதார். மகனோடு பேசிப் புத்தி சொல்லுங்கள் என்று ஒரு ஆயரைப் பிடித்துக்கொண்டு நச்சரித்தார். அவர் மறுத்துவிட்டார். இப்போதைக்கு அவனை விட்டுவிடு, ஜெபம் மட்டும் செய், இவ்வளவு கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போகமாட்டான் என்று சொல்லி அனுப்பினார். மோனிக்கா இறந்த அதே 387இல்தான், ஈஸ்டர் சமயத்தில், அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். தாய் அதைக் கண்ணாரப் பார்த்தார்.

எல்லாத் தாய்க்கும் அது வாய்க்காது என்பதும் உண்மை. எபிரெயர் 11இல் வரும் விசுவாசிகள் வாக்குத்தத்தத்தைத் தூரத்தில் கண்டு, கையில் வாங்காமலே மரித்தார்கள். நீங்கள் பார்க்காததால் அது நடக்காது என்று ஆகிவிடாது.

மகனுக்கு இந்த வாரம் போன் செய்யுங்கள். சபையைப் பற்றிக் கேட்காதீர்கள். வேலை எப்படிப் போகிறது, சரியாகத் தூங்குகிறானா என்று கேளுங்கள். வைக்கும் முன், "உனக்காக தினமும் ஜெபிக்கிறேன்ப்பா" என்று ஒரு முறை சொல்லுங்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த வாரமும் கூப்பிடுங்கள்.